அகல நடுவதா, நெருக்கி நடுவதா?

குத்தாலம் பகுதியிலிருந்து எழுதியிருக்கும் வாசகியின் குடும்பத்துக்கு இரண்டு மா நிலம். சென்ற குறுவையில் ஆடுதுறை 43 ரகத்தை ஒற்றை நாற்றாக, 25 செ.மீ. இடைவெளியில் நட்டிருக்கிறார்கள். நெருக்கி நட்ட பக்கத்து வயலைவிட மூட்டை குறைந்துபோனது. நகையை அடகு வைத்துச் செய்த சாகுபடி. 'அகலமா நட்டதுதான் தப்பு' என்கிறாராம் மாமனார். கணவர் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த முறை எப்படி நடுவது என்று கேட்டிருக்கிறார்.

விடை அவருடைய கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் தாமதமானதால், நாற்று 28 நாள் நாற்றங்காலிலேயே நின்றிருக்கிறது.

திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ. விட்டு நடுவது 14 நாள் இளம் நாற்றை நம்பித்தான். அந்த வயதில் வயலுக்கு வரும் நாற்று, சுற்றிலும் இடம் கிடைத்தால் தூர் வெடித்துக்கொண்டே போகும். ஆடுதுறை 43 சுமார் 110 நாள் பயிர். அதில் 28 நாள் நாற்றங்காலில் போனால், தூர் கட்டும் காலத்தில் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடும். வயலில் இடம் இருக்கும். நிரப்பப் பயிருக்கு நாள் இருக்காது.

25-க்கு 25 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 16 குத்து. 15-க்கு 10 என்றால் 66 குத்து. ஒரு சதுர மீட்டரில் 320 கதிர் வேண்டுமானால், முதல் முறையில் குத்துக்கு 20 கதிர் வர வேண்டும். இரண்டாவதில் 5 போதும். மூப்பான ஒற்றை நாற்றிடம் 20 கதிர் எதிர்பார்ப்பது நடக்காத காரியம். பிந்தி வரும் தூர்களும் பெரும்பாலும் பதராகத்தான் போகும்.

ஆக, நாற்று மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டால் 15-க்கு 10 செ.மீ. இடைவெளியில், குத்துக்கு இரண்டு மூன்று நாற்றாக நட வேண்டும். ஒற்றை நாற்றுதான் என்று கணவர் உறுதியாக இருந்தால், தண்ணீர் வரும் நாள் தெரியாத ஆண்டில் விதையை ஒரு வாரம் விட்டு இரண்டு தவணையாக விடலாம். ஏக்கருக்கு 3 கிலோ விதைதான் என்பதால் செலவு பெரிதாகாது.

மாமனார் சொல்வதும் எல்லா ரகத்துக்கும் பொருந்தாது. 1966-ல் ஐ.ஆர். 8 வந்த பிறகு பரவிய குட்டை ரகங்களுக்கு இலை நிமிர்ந்து நிற்கும். நெருக்கி நட்டாலும் வெயில் அடி இலைவரை இறங்கும். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி உயர்ந்து, இலை தொங்கும் ரகத்தை அப்படி நட்டால் ஒன்றின் இலை மற்றொன்றை மறைக்கும், தண்டு மெலியும். அதில் யூரியாவையும் கூட்டிப் போட்டால் கதிர் முற்றும் நேரத்தில் காற்றுக்குச் சாய்ந்துவிடும். சி.ஆர். 1009 குட்டைதான் என்றாலும் நீண்ட நாள் நின்று தூர் கட்டும். அதற்கு 20-க்கு 15 செ.மீ. கொடுக்கலாம்.

நெருக்கி நடுகிற வயலில் எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விடாமல் இருக்கக் கூடாது. காற்றோட்டம் இல்லாத தூரடியில்தான் புகையான் பெருகும்.

இன்னொன்று, ஒப்பந்தக் கூலிக்கு நடவு விட்டால் வேலை சீக்கிரம் முடிய, குத்துகள் தானாகவே தள்ளிப்போகும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சட்டம் கட்டி, நடவன்று காலையிலேயே நாலு இடத்தில் போட்டு எண்ண வேண்டும். குறுவை நடவில் 50-க்குக் கீழே இருந்தால், அடுத்த பாத்திக்குப் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும்.