ஒரு பெல்பாட்டம், ரெண்டு பேர்

போன மாதம் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து 'எழுபதுகள் இரவு' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினோம். இங்கே என்றால் அந்தமான், போர்ட் பிளேர். 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். (ஆபீஸ் கடிதத்தில் மாறிவிட்டது, வாயில் இன்னும் மாறவில்லை.) ஆண்கள் எல்லாரும் பெல்பாட்டம், நாய்க்காது காலர் சட்டை, ஒட்டுக் கிருதா. பெண்கள் நைலெக்ஸ் புடவை, உச்சிக் கொண்டை. என் மகள் 1973-ல் வந்த 'பாபி' இந்திப் படத்துப் பாணியில் புள்ளி போட்ட சட்டையும் ரிப்பனுமாக வந்தாள். 'வசந்த மாளிகை' பாட்டு, 'உலகம் சுற்றும் வாலிபன்' பாட்டு என்று மூன்று மணி நேரம். தொகுத்து வழங்கியவர் இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா மாதிரி மூச்சு விடாமல் பேசி அசத்தினார். சாம்பார் சாதம், கேசரி எல்லாம் பிரமாதம். கணக்கில் துண்டு விழவில்லை. (நான்தான் பொருளாளர். பேங்க்காரன் என்றால் எந்தச் சங்கத்திலும் இந்தப் பதவிதான் கொடுப்பார்கள்.)

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நன்றி சொல்ல வந்த நண்பர், "அந்தக் காலம் மாதிரி வருமா? பவுன் 150 ரூபாய். பசி, பட்டினி, கவலை எதுவும் கிடையாது. மனுஷன் மனுஷனா இருந்தான்" என்றார். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் 1980-ல் பிறந்தவன். எழுபதுகள் எனக்குக் கேள்வி ஞானம்தான். ஆனால் பி.காம் படித்தவன், கணக்கு கொஞ்சம் வரும். 1970-ல் 10 கிராம் தங்கம் சுமார் 184 ரூபாய். அப்படியென்றால் பவுன் 150-க்குள். நண்பர் சொன்னது சரிதான். அதே 10 கிராம் 1974-ல் 500 ரூபாயைத் தாண்டிவிட்டது. பவுன் 400-க்கு மேல். விருதுநகர் பக்கம் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்த என் அப்பாவுக்கு அப்போது கைக்கு வந்த சம்பளம் இருநூற்றுச் சொச்சம். வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு மாதச் சம்பளத்தில் ஒரு பவுன் வாங்கிவிட்டு மிச்சக் காசில் சாப்பிட்டிருக்கலாம். நாலு வருஷம் கழித்துக் கல்யாணத்துக்கு நிற்கும்போது ஒரு பவுனுக்கு ரெண்டு மாதச் சம்பளமும் போய்விடும். சம்பளம் நடந்தது, விலை ஓடியது.

1972-ல் மழை பொய்த்தது. 1973 கடைசியில் அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றின. மொத்த விலைவாசி 1973-74-ல் 20 சதவீதமும், 1974-75-ல் 25 சதவீதமும் ஏறியது. இன்று 6 சதவீதம் ஏறினாலே டி.வி.யில் கூச்சல் போடுகிறோம். 1974 ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் வட்டி விகிதத்தை ஒரேயடியாக 7-லிருந்து 9 சதவீதத்துக்குத் தூக்கியது. அதே வருஷம், ஊழியர்களின் சம்பள உயர்வு முழுவதையும், பஞ்சப்படி உயர்வில் பாதியையும் கட்டாய டெபாசிட்டாகப் பிடித்து வைத்துக்கொள்ள மத்திய அரசு சட்டமே போட்டது. விலை ஏறியதற்காகக் கொடுத்த படியைக் கையில் கொடுக்காமல், "அப்புறம் வாங்கிக்கோ" என்று சொன்ன காலம் அது. இதையெல்லாம் மேடையில் சொன்னால் ஒருவரும் கைதட்ட மாட்டார்கள், தெரியும்.

மறுநாள் ஊருக்கு வீடியோ காலில் பேசினோம். (2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகுதான் இந்த சௌகரியம். அதற்கு முன்னால் இங்கே இன்டர்நெட் என்பது பொறுமைக்கு வைத்த பரீட்சை.) மகள் நிகழ்ச்சிப் போட்டோக்களைக் காட்டி, "தாத்தா, நீங்க பெல்பாட்டம் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"போட்டிருக்கேனாவா? காலடியில 24 இஞ்சு! தெருவைக் கூட்டிக்கிட்டே போகும். அடி மடிப்பு கிழிஞ்சு போகக் கூடாதுன்னு சுத்தி ஜிப்பை வச்சுத் தைப்போம். நடந்தா சரக் சரக்னு சத்தம் வரும்."

பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "பேத்திகிட்ட முழுசாச் சொல்லுங்க. பெல்பாட்டம் ஒண்ணு. ஆள் ரெண்டு" என்றார்.

அப்புறம்தான் கதை வந்தது. அந்த ஒரு டெரிகாட்டன் பெல்பாட்டத்தை அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து தைத்தார்களாம். துணி கூட்டுறவுக் கடையில் தவணைக்கு. அப்பா முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வருவார். சித்தப்பா கைலியோடு வாசலில் காத்திருந்து, வாங்கி மாட்டிக்கொண்டு ரெண்டாவது ஆட்டத்துக்கு ஓடுவார். சித்தப்பா உயரம் கம்மி, அதனால் அடியை மடித்து ஊக்கு குத்திக்கொள்வார். ஒரு தடவை அப்பா பார்த்த படத்தையே திரும்ப உட்கார்ந்து பார்த்துவிட்டார். சித்தப்பா ரெண்டு நாள் பேசவில்லை. சொல்லி முடிப்பதற்குள் அப்பாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. மகளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கவனியுங்கள், எங்கள் வீட்டில் எழுபதுகளைப் பற்றி இதைவிட சந்தோஷமான கதை கிடையாது. இது முழுக்க முழுக்க இல்லாமையின் கதை. இல்லாமையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கால்சட்டை.

சரி, பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே அதுதான்.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் டி.வி. கிடையாது. சென்னைக்கே 1975 ஆகஸ்டில்தான் வந்தது. ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டும். ஆகவே டீக்கடை ரேடியோதான் ஊருக்கே பொது. தெரு முனையில் ஆரம்பித்த பாட்டை வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டே நடந்து மறுமுனையில் முடிக்கலாம் என்பார் அப்பா. அதில் பாதிப் பாட்டு இலங்கை வானொலி. சினிமாப் பாட்டை நம் நாட்டு ரேடியோவை விட அதிகமாக, அழகாகப் போட்டது அவர்கள்தான். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்கள் பெயர் நடிகர் பெயர் மாதிரி வீட்டில் புழங்கும். எங்கள் நிகழ்ச்சியிலும் அதைத்தானே செய்து காட்டினார்கள்.

நிகழ்ச்சி முடிந்து ரெண்டு வாரத்தில் ஒரு பெரியவர் என் கிளைக்கு வந்தார். நவம்பர் மாதம், லைஃப் சர்டிபிகேட் நேரம். சின்ன பென்ஷன்தான். விரல் ரேகை மிஷினில் பதியவே இல்லை. நாற்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய விரல். மூன்று விரல் மாற்றி, துடைத்து, மறுபடி வைத்து, ஒரு வழியாக ஏற்றுக்கொண்டது. காத்திருந்த நேரத்தில் பேச்சு வளர்ந்தது.

பிறந்தது இலங்கையில் பதுளை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களாக ஆக்கப்பட்ட மலையகத் தமிழர் குடும்பம். 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதி. (எங்கள் பேங்க் பாஷையில் சொன்னால் பாக்கியைத் தீர்த்தார்கள்.) இவர் 1973-ல், 14 வயதில், தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்து மண்டபம் முகாமில் இருந்தவர். ரெண்டு வருஷம் கழித்து நிக்கோபாரில் கட்சால் தீவு. அங்கே ரப்பர் தோட்டத்துக்கென்று இப்படித் தாயகம் திரும்பிய குடும்பங்களைக் குடியேற்றினார்கள்.

இந்தத் தீவுகளின் ஜனத்தொகை 1961-ல் 63,548. 1971-ல் 1,15,133. பத்தே வருஷத்தில் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கிழக்கு வங்காள அகதிகள், 1969 முதல் கிரேட் நிக்கோபாரில் நிலம் கொடுத்துக் குடியேற்றப்பட்ட முன்னாள் ராணுவத்தினர், பிழைப்புத் தேடி மூன்று நாள் கப்பலில் வந்த நம் ஊர்க்காரர்கள். அதன் பிறகுதான் கட்சாலுக்கு இவர்கள். பசி, கவலை இல்லாத காலத்தில் இத்தனை பேர் ஏன் கடல் தாண்ட வேண்டும்?

நான் வாய் சும்மா இருக்காமல் எங்கள் நிகழ்ச்சியைப் பற்றி, இலங்கை வானொலி மாதிரி பேசிக் காட்டியதைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்லயும் ரேடியோப் பொட்டி இருந்துச்சு தம்பி. அங்கருந்து கொண்டாந்தது. கட்சால்ல ராத்திரி நல்லாக் கேக்கும். ஆனா எங்கம்மா பாட்டுக் கேக்காது. பொறந்தநாள் வாழ்த்துன்னு பேர் வாசிப்பாங்கல்ல, ஊர் பேரோட? அதுக்குத்தான் காத்துக் கெடக்கும்."

அக்கா அங்கேயே தங்கிவிட்டார். அத்தானுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை, இவர்களுக்கு இந்தியா. பிரியும்போது அக்காவுக்குக் கைக்குழந்தை. அந்தப் பேத்தியின் பேரை என்றைக்காவது ரேடியோவில் வாசிப்பார்களா என்று அம்மா காது கொடுத்துக்கொண்டே இருந்தாராம்.

"வாசிச்சாங்களா ஐயா?"

"தோட்டத்துல யாரு தம்பி ரேடியோவுக்கு எழுதிப் போடுறது? அந்த வருஷமெல்லாம் அங்கன மாவே கெடைக்கல. மரவள்ளிக் கெழங்குதான். நாங்க கப்பலேறுற அன்னிக்கும் பாண் வாங்க விடிய விடிய க்யூ."

அவர் மிகைப்படுத்தவில்லை. 1973-74-ல் இலங்கைத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அதே மாதங்களில், அதே நிலையத்தின் பாட்டுக்கு என் அப்பா டீக்கடை வாசலில், முறைக்குக் கிடைத்த பெல்பாட்டத்தில், தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா மேல் தப்பில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் இன்றைக்கு நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் மேடையேறி, பசி பட்டினி எதுவும் இல்லை என்றால் அதை நான் ஒத்துக்கொள்ள முடியாது.

பெரியவர் சோகமாகவே பேசினார் என்று நினைத்துவிடாதீர்கள். பதினெட்டு வயதில் இங்கே அபர்டீன் பஜாரில் ஒரு பெல்பாட்டம் தைத்திருக்கிறார், கப்பலேறி வந்து! "கட்சாலுக்குப் போய் மொத நாள் போட்டதும் முழங்கால் மட்டும் சேறு. எங்கப்பா வெட்டுக் கத்திய எடுத்து அடியில பாதிய அறுத்துட்டாரு" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ரேடியோப் பெட்டி, வீடு, இன்னும் சொல்ல விரும்பாத சில எல்லாம் 2004 டிசம்பர் 26 சுனாமியில் போய்விட்டன. கட்சாலில் அன்று இழப்பு மிக அதிகம். அதை ஒரே வரியில் முடித்துவிட்டு எழுந்துகொண்டார். நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷ நிகழ்ச்சியில் அரை மணி நேரம் இந்த மாதிரிப் பெரியவர்களைப் பேசச் சொல்லலாம் என்று கமிட்டியில் சொன்னேன். கப்பல், முகாம், ரேஷன், ஒரு பெல்பாட்டத்தை ரெண்டு பேர் போட்டது, எல்லாம். "வருஷத்துல ஒரு நாள் சந்தோஷமா இருக்கோம். அதுல எதுக்கு சார் ஒப்பாரி?" என்றார் ஒரு நண்பர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊரை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, அப்பா அம்மா உடம்பு சரியில்லை என்றால் டிக்கெட் விலையைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறவர்கள் நாம். ஒரு ராத்திரி ஆடிப் பாட வேண்டும்தான். பெல்பாட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அதைத் தைத்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். நம் பிள்ளைகளோடு இங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள் பாதிப் பேருக்குத் தாத்தா பாட்டி இப்படி ஏதோ ஒரு கப்பலில் வந்தவர்கள்தான். அவர்கள் வீட்டு எழுபதுகளுக்கும் அந்த மேடையில் இடம் வேண்டாமா?

பெரியவரிடம், வருவீர்களா என்று கேட்டேன்.

"பெல்பாட்டம் போட்டுக்கிட்டா?"

"வேண்டாம் ஐயா, வேட்டியே போதும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "ரேடியோ மாதிரியே பேசுறாருன்னு சொன்னீங்களே, அவரு பேர் வாசிப்பாரா?" என்றார். வாசிப்பார் என்றேன். கவுன்டரில் கிடந்த பணம் கட்டும் சீட்டு ஒன்றை எடுத்து, பின்பக்கம், எழுத்துக் கூட்டி, ஒரு பெண்ணின் பேரை எழுதிக் கொடுத்தார். அதற்குக் கீழே ஒரு தோட்டத்தின் பேர். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும்.

கமிட்டிக் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது.