மாணவர் நீக்கமும் மேல்முறையீடும்: சங்கத்தின் நிலைப்பாடு

டாடா சமூக அறிவியல் நிறுவன ஆய்வு மாணவர் ராமதாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே 2 அன்று பிறப்பித்த உத்தரவு குறித்து, திருச்சி, ஸ்ரீரங்கம் கிளைகள் கூடிப் பேசி எடுத்த நிலைப்பாடு இது. நிறுவனம் அவரை இடைநீக்கம் செய்ததை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது.

இரண்டாண்டு இடைநீக்கத்தை அனுபவித்த காலத்தோடு முடித்து, ஆய்வைத் தொடர அனுமதித்ததை வரவேற்கிறோம். தண்டனையையே ரத்து செய்திருக்க வேண்டும் என்பது பெரும்பான்மையோர் கருத்து. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கல்வி நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு என்பதில் மாறுபாடு இல்லை.

ஆனால், 2024 ஏப்ரலில் இடைநீக்கம் செய்யப்பட்டவருக்கு ஓராண்டு கழித்துத்தான் கதவு திறந்தது. அந்த ஆண்டை யார் திருப்பித் தருவார்?

நம் ஊர் இளநிலை மாணவரை அழிக்க ஓராண்டுகூட வேண்டாம், ஒரு செமஸ்டர் போதும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிகளின்படி குறைதீர் குழுவுக்கு 15 வேலைநாள், மேல்முறையீடு செய்ய 15 நாள், குறைதீர்ப்பாளருக்கு 30 நாள். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இரண்டு மாதம் ஓடிவிடும். செப்டம்பரில் நீக்கினால் நவம்பர் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வராது. நீதிமன்றம் போவதென்றால் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். துறையூரிலிருந்து பஸ் ஏறி வந்து படிக்கும் பிள்ளையின் தகப்பனார் கூலியை விட்டுவிட்டு மதுரையில் வக்கீல் வைப்பாரா? கல்லூரி நிர்வாகம் பெற்றோரை வரவழைத்து, “டிசியை வாங்கிக்கொள்ளுங்கள், நடத்தை நன்று என்று போட்டுத் தருகிறோம்” என்று கையெழுத்து வாங்குவதை விசாரணை என்று நாங்கள் ஒப்பமாட்டோம். அது மிரட்டல். மாணவர் தரப்பைக் கேட்காமல் தேர்வு முடிவை ரத்து செய்யக் கூடாதென்று கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1962-இல். இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும் கல்லூரிகளுக்கு?

எனவே, மேல்முறையீடு முடியும்வரை மாணவரைத் தேர்வு எழுத விட வேண்டும். தேர்வு முடிவை வேண்டுமானால் கல்லூரி நிறுத்தி வைத்துக்கொள்ளட்டும். ராகிங், வன்முறை, பாலியல் புகார்களில், இயன்றவரை, வேறு தேர்வு மையம் ஒதுக்கலாம். நீக்க உத்தரவு காரணங்களுடன் எழுத்தில் வர வேண்டும்.

வருகைக் குறைவு, கட்டணப் பாக்கி காரணமான நீக்கங்கள் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவோம். அதுவரை, எழுத்தில் உத்தரவு வராத எந்த நீக்கத்துக்கும் பெற்றோர் கையெழுத்திட வேண்டாம். கிளைச் செயலாளரிடம் உடனே சொல்லுங்கள்.