ஏற்றுக்கூலியோடு தீருமா பொறுப்பு?

கோவையில் இயந்திர வியாபாரம் செய்யும் நாம், பில்லின் கடைசி வரியில் ‘ஏற்றுக்கூலி’ என்று ஒரு தொகை எழுதுகிறோம். அத்துடன் நம் பொறுப்பு தீர்ந்தது என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் கிடங்கிலிருந்து ஒரு பழைய லேத்தை நகர்த்தினார்கள். அடியில் குழாய்களைக் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி உருட்டும்போது லேத் ஒருக்களித்தது. குழாயை எடுக்கக் குனிந்த தம்பிக்கு இரண்டு விரல்கள் போயின. “மேஸ்திரி கூட்டிவந்த ஆள், அவரே பார்த்துக்கொள்வார்” என்று நான் சொன்னேன். இன்று அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

வக்கீலிடம் போன பிறகுதான் விவரம் தெரிந்தது. நம் தொழிலில் வழக்கமாக அடங்கிய வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தாலும், நம் இடத்தில் அடிபட்டவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியவர் நாமே. பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவு சொன்னது இது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி தொடர்கிறது. இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 விழுக்காடு இழப்பு என்கிறது அட்டவணை. கடப்பாரை பிடித்துப் பிழைக்கும் கைக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கொடுத்தேன், அவர் மறுபடி சுமைக்கு வரவில்லை.

2020 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் சாய்ந்து 11 பேர் இறந்தது நாடெங்கும் செய்தியாயிற்று. கிடங்கில் போகும் விரல் எந்தப் பத்திரிகையிலும் வராது.

லேத்துக்கு ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம் அதிகம். நடுவில் சங்கிலி போட்டால் சாயும். இன்னொன்று: ஒரு டன் இயந்திரத்தை இரண்டு சங்கிலியில் தூக்கினால் ஆளுக்கு அரை டன் என்று நினைக்கிறோம். சங்கிலி நேர்குத்தாக நின்றால் சரி. தரைமட்டத்துக்கு 30 பாகையில் விரிந்து நின்றால் ஒவ்வொரு சங்கிலியும் முழு ஒரு டன்னைத் தாங்க வேண்டும். கூரை தாழ்ந்த கிடங்குகளில் அப்படித்தான் விரிகிறது. தூக்கும் சங்கிலிகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. நம்முடையது தொழிற்சாலை அல்ல, கிடங்கு என்று வாதாடலாம். அறுகிற சங்கிலிக்கு அது தெரியுமா?

சிறு வியாபாரி தனியாக இவற்றை வாங்கிச் சோதித்து வைப்பது கடினம். நம் சங்கமே எடை பொறித்த சங்கிலிகளும் ஒரு செயின் பிளாக்கும் வாங்கி, ஆண்டுதோறும் சோதித்து, உறுப்பினர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ளக் கேட்டு எழுதியிருக்கிறேன். என் பங்குத் தொகையையும் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.