கல்லூரி மாணவர்களும் தடுப்பூசியும்: தயக்கம் மட்டுமே தடையா?

விழிஞ்ஞம் (திருவனந்தபுரம்): இளைஞர்கள் தடுப்பூசி செலுத்திக்கொள்ளாததற்கு அச்சமும் வதந்தியுமே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. ஆனால், கேரள மாணவர்களின் கரோனா கால அனுபவம் வேறு காரணங்களையும் சுட்டிக்காட்டுகிறது.

விழிஞ்ஞத்துக்கு வடக்கே பூந்துறையும் தெற்கே புல்லுவிளையும் உள்ளன. இவ்விரு மீனவக் கிராமங்களிலும் சமூகப் பரவல் ஏற்பட்டுள்ளதாக 2020 ஜூலை 17-ஆம் தேதி முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். நோயின் கடுமையை இக்கடலோரம் முன்னதாகவே உணர்ந்திருந்தது.

முன்பதிவு என்னும் தடை

18 முதல் 44 வயது வரையிலானோருக்கு 2021 மே 1-இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, கோவின் இணையதளத்தில் முன்பதிவு கட்டாயமாக இருந்தது. தடுப்பூசித் தட்டுப்பாடும் நிலவியதால், விருப்பம் இருந்தாலும் வேகமான இணைய வசதி இல்லாதவர்கள் பின்தங்க நேர்ந்தது. அரசு மையங்களில் நேரடிப் பதிவுக்கு மே 24-ஆம் தேதியே அனுமதி கிடைத்தது.

வெளிநாட்டில் பயிலவிருந்தவர்களின் கணக்கு வேறு. கோவாக்சினுக்கு உலக சுகாதார அமைப்பின் அங்கீகாரம் 2021 நவம்பர் 3-ஆம் தேதிதான் கிடைத்தது. அதுவரை அவர்கள் கோவிஷீல்டை நாட வேண்டியிருந்தது. 84 நாள் இடைவெளி பயணத்துக்குத் தடையானதால், 28 நாள்களுக்குப் பின் இரண்டாம் தவணை செலுத்த ஜூன் மாதத்தில் மத்திய அரசு அவர்களுக்குச் சலுகை அளித்தது.

கேரளத்தில் அக்டோபர் 4-ஆம் தேதி இறுதியாண்டு வகுப்புகள் தொடங்கியபோது, குறைந்தது ஒரு தவணையாவது செலுத்தியிருக்க வேண்டும் என நிபந்தனை விதிக்கப்பட்டது. வகுப்பறைக்குத் திரும்பும் ஆவல் பலரைத் தடுப்பூசி மையத்துக்கு அழைத்துச் செல்லப் போதுமான காரணமாக அமைந்தது.

அடுத்த சோதனை

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசிக்கு இத்தகைய உந்துதல் ஏதுமில்லை. சீரம் நிறுவனத்தின் செர்வாவாக், 9 முதல் 26 வயது வரையிலானோருக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது. ஆனால், உலக அளவில் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கே முன்னுரிமை தரப்படுகிறது. அந்த வயதைக் கடந்த கல்லூரி மாணவி பெரும்பாலும் சொந்தச் செலவில்தான் இதைச் செலுத்திக்கொள்ள வேண்டும். நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அவசரமும் உணரப்படுவதில்லை.

எனவே, விழிப்புணர்வுச் சொற்பொழிவுகள் மட்டும் போதாது. கல்லூரி வளாகத்திலேயே முகாம், தேர்வுக் காலத்தைத் தவிர்த்த தேதி, கட்டணச் சலுகை ஆகியவை இல்லையெனில், தடுப்பூசியின் பயனை அறிந்த மாணவியும் அதைத் தள்ளிப்போடவே வாய்ப்புண்டு.