‘பைத்தான்’ இல்லை என்று சொல்லும் கணினி

மாணவர்களே, பழைய நிரலாக்கப் புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, உபுண்டு கணினியின் முன் அமர்கிறீர்கள். புத்தகம் சொன்னபடி ஆங்கிலத்தில் ‘பைத்தான்’ என்று தட்டுகிறீர்கள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது திரை. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால், அந்தப் பதில் உங்களுக்கு நல்லதே செய்கிறது என்பது என் கருத்து.

2008 டிசம்பரில் பைத்தான் 3 வெளிவந்தது. பைத்தான் 2-க்கு எழுதிய நிரல்கள் பல அதில் ஓடாது. தெரிந்தே செய்த மாற்றம் அது. அதற்கான காரணங்களில் ஒன்று நமக்கு நெருக்கமானது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால், பழைய பைத்தான் பைட்டுகளை எண்ணி, பொதுவாக 15 என்று சொல்லும். புதியது 5 என்கிறது. (நாம் எண்ணினால் 3. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணிவிடுகிறது. ஆனாலும் 15-க்கு இது எவ்வளவோ மேல்!)

சிக்கல் இயங்குதளத்தில்தான். லினக்ஸின் கருவிகள் பலவும் பைத்தானில் எழுதப்பட்டவை. ‘என்னைப் பைத்தான் கொண்டு இயக்கு’ என்ற குறிப்பு அவற்றின் முதல் வரியில் இருக்கும். எந்தப் பைத்தான் என்று சொல்லாவிட்டால், இயங்குதளம் அந்தப் பெயருக்கு எதை இணைத்திருக்கிறதோ அதுதான் ஓடும்.

2010 அக்டோபரில் ஆர்ச் லினக்ஸ் துணிந்து அந்தப் பெயரைப் பைத்தான் 3-க்கு மாற்றியது. அச்சிடும் கட்டளையை அடைப்புக்குறி இல்லாமல் எழுதிய பழைய நிரல்கள் உடனே பிழை காட்டி நின்றுவிடும். அது ஆபத்தில்லை. பிழை கண்ணுக்குத் தெரிகிறது, திருத்திவிடலாம்.

ஓர் ஆண்டில் எத்தனை முழு வாரங்கள் என்று கணக்கிடும் நிரலை எண்ணிப் பாருங்கள். 365/7 என்பதற்குப் பைத்தான் 2 தரும் விடை 52. பைத்தான் 3 தருவதோ 52.14... நிரல் நிற்காது, எச்சரிக்கையும் வராது. அடுத்தடுத்த கணக்குகளுக்குள் அந்தப் பின்னம் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். நிரலை எழுதியவர் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. கணினியைப் புதுப்பித்தார், அவ்வளவுதான்.

பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த உபுண்டு 20.04, எண் இல்லாத அந்தப் பெயரை எதனுடனும் இணைக்காமல் விட்டது. வேண்டுபவர்கள் தாங்களே இணைத்துக்கொள்ள ஒரு சிறு தொகுப்பையும் தந்தது. “புதிதாகக் கற்பவர்களை ஏன் குழப்ப வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு நிமிடக் குழப்பம் பரவாயில்லை. தவறான விடையைச் சரியென்று நம்பி ஒரு மாதம் உழைப்பதுதான் கொடுமை.

உங்கள் நிரலின் முதல் வரியில் 3 என்ற எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். பழைய நிரல் ஒன்று கைக்கு வந்தால், முதலில் வகுத்தல் குறிகளைத் தேடுங்கள். முழு எண்தான் விடையாக வேண்டும் என்றால் இரட்டைச் சாய்கோடு போடுங்கள். 365//7 என்றால் இரண்டு பைத்தானும் 52 என்றே சொல்லும்.