புது மின்குமிழுக்குள் ஈயம் வேண்டாம்

"பெரோவ்ஸ்கைட் வந்தால் எல்ஈடி மின்குமிழ் சும்மா விலைக்குக் கிடைக்கும்" என்ற செய்தியை நாமும் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறோம். பகிருமுன் கொஞ்சம் பேசுவோமே.

நம் வீடுகளில் எரியும் வெள்ளை எல்ஈடி உள்ளுக்குள் நீல ஒளிதான் தருகிறது. மேலே பூசிய மஞ்சள் பொஸ்பர் அதில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. (அந்த நீல எல்ஈடிக்குத்தான் 2014 இல் மூன்று பேருக்கு பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.) அதற்கான காலியம் நைத்திரைட்டுப் படிகத்தை ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வளர்க்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டைக் கரைசலாக்கிப் பூசி, இலேசாகச் சூடாக்கினால் போதும். மலிவு என்ற பேச்சு இதனால்தான் வந்தது, அதில் உண்மையும் இருக்கிறது. 2014 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதை ஒளிரவைத்தபோது திறன் ஒரு வீதம்கூட இல்லை. 2018 இல் பச்சையும் சிவப்பும் 20 வீதத்தைத் தாண்டிவிட்டன.

வெள்ளைதான் சிக்கல். பல நிறங்களைக் கலந்து வெள்ளை எடுக்கலாம் என்றால், நீலம் பின்தங்கி நிற்கிறது. மின் பாயும்போது உள்ளிருக்கும் புரோமைட்டு, அயடைட்டு அயன்கள் இடம் மாறுவதால் நிறமும் மாறிவிடும். ஆயுளும் குறைவு.

இதையெல்லாம் ஆய்வுகூடம் பார்த்துக்கொள்ளும். நமக்குக் கவலை ஈயம். நன்றாக ஒளிரும் பெரோவ்ஸ்கைட்டுகளில் பெரும்பாலானவை ஈயம் கலந்தவை, தண்ணீர் பட்டால் சிதைபவை. "மெல்லிய படலம்தானே, ஈயம் சொற்பம்தானே" என்பார்கள். ஒரு குமிழுக்குச் சரி. நாம் பழுதான குமிழை எங்கே போடுகிறோம்? மீன் கழிவோடு ஒரே பையில் கட்டி வாசலில் வைக்கிறோம். அது குப்பை மேட்டில் மழையில் நனைகிறது. இப்படி எத்தனை வீடு, எத்தனை வருடம்! பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் எந்த அளவிலும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வகுப்பில் அந்தப் பிள்ளைகளோடுதான் நாம் நாள் முழுக்க இருக்கிறோம்.

ஈயம் இல்லாமல் முடியாது என்றும் இல்லை. 2018 இல் சீனாவின் வூஹான் ஆய்வாளர்கள் சீசியம், வெள்ளி, சோடியம், இந்தியம், குளோரின் சேர்ந்த பெரோவ்ஸ்கைட்டில் துளி பிஸ்மத் கலந்து, ஒரே பொருளிலிருந்து இதமான வெள்ளை ஒளி எடுத்தார்கள். 1000 மணித்தியாலத்துக்கு மேல் எரிந்தது. அதைத் தூண்டப் புறஊதா எல்ஈடி வேண்டும், இந்தியம் விலை கூடியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் நாம் அந்தப் பக்கம்தான். பெரோவ்ஸ்கைட் குமிழ் கடைக்கு வரும் நாளில் ஈயம் உண்டா இல்லையா என்று பெட்டியிலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்க வேண்டும். பழையதைத் திருப்பி எடுக்க விற்கிற கடையிலேயே ஒரு பெட்டியும் வைக்க வேண்டும். இறக்குமதிக்கு முன்பே இதைக் கேட்போம்.