சிபாரிசுக் கடிதம்

நம் பதிவுகளுக்கு யார் யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க, முன்பு கூகுளில் ‘லிங்க்’ என்று எழுதி முக்காற்புள்ளியிட்டு, தள முகவரியைத் தட்டுவோம். 2017-இல் அது பயனற்றுப் போயிற்று. இப்போது சர்ச் கன்சோலில் நம் தளத்தைப் பதிந்துகொண்டால் பட்டியல் இலவசமாகவே கிடைக்கும். வலைப்பூவின் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், இணைப்புத் தராமல் பெயரை மட்டும் சொன்னவர்களும் அகப்படுவார்கள்.

பிற தளம் தரும் இணைப்பைக் கூகுள் ஒரு சிபாரிசாக எடைபோடுகிறது. அதனால்தான் ‘பணம் கொடுங்கள், நூறு இணைப்புத் தருகிறோம்’ என்று எனக்கும் மின்னஞ்சல் வருகிறது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு விலைக்கு வாங்கிய சிபாரிசின் தரம் தெரியாதா? கூகுளும் அதை விதிமீறலாகவே கருதுகிறது.

என் பட்டியலில் நான்கே பேர். அதில் ஒருவர் என் பள்ளித்தோழனின் பேரன். தாத்தாவைப் பற்றி நான் எழுதியதைச் சுட்டியிருந்தார். எண்ணிக்கையை விடுங்கள், யார், எதற்காகச் சுட்டினார் என்று படியுங்கள்.